ஒரே ஒரு வரி சேர்த்தேன், 'பின்' (.bin) ஃைபல் 384 எம்பி ஆகிவிட்டது

மொட்டைமாடி · ஞாயிறு இரவு 10:52

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு மேல்தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்த்து மோட்டாரை நிறுத்துகிற ஒரு சின்ன போர்டு செய்துகொண்டிருக்கிறேன். சிப் எஸ்டிஎம்32எஃப்103சி8, எல்லோரும் ப்ளூ பில் என்று சொல்கிற அந்த நீலப் பலகைதான். ஃபிளாஷ் 64 கேபி, ரேம் 20 கேபி. ஐடிஇ எதுவும் வேண்டாம், ஜிசிசி கம்பைலர், மேக்ஃபைல், எந்தத் துண்டு எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்கிற, நானே எழுதிய லிங்கர் ஸ்கிரிப்ட் என்று அடியிலிருந்து கற்றுக்கொள்ளலாம் என்று இறங்கினேன்.

நேற்று வரை எல்லாம் சரி. ஆப்ஜெக்ட் ஃபைல்களை லிங்க் செய்து எல்ஃப் (முகவரிக் குறிப்புகளோடு இருக்கும் புரோகிராம் ஃபைல்) வரும், அதை ஆப்ஜ்காப்பி என்ற கருவி கொண்டு பின் (சிப்பில் ஏற்றுகிற வெறும் பைட்டுகள்) ஆக்குவேன், 4 கேபி சொச்சம் இருக்கும், போர்டில் ஏற்றினால் ஓடும். இன்று ஒரே ஒரு மாற்றம். தொட்டி எத்தனை சதவீதம் நிரம்பினால் மோட்டார் நிற்க வேண்டும் என்ற எண்ணை கோடுக்குள் நேராக எழுதியிருந்தேன், அதை வெளியே எடுத்து ஒரு குளோபல் வேரியபிளாக்கி 70 என்று மதிப்புக் கொடுத்தேன். மேக் ஓடியது, பிழை இல்லை, எச்சரிக்கைகூட இல்லை. ஆனால் பின் ஃபைலின் அளவு 40,26,53,188 பைட். 64 கேபி சிப்புக்கு 384 எம்பி!

சைஸ் கட்டளை காட்டுவது: டெக்ஸ்ட் (கோடு) 4312, டேட்டா (மதிப்புக் கொடுத்த வேரியபிள்) 4, பிஎஸ்எஸ் (மதிப்புக் கொடுக்காத வேரியபிள்) 312. இதில் எதுவும் பெரிதாக இல்லையே. இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

---

இரவுநேரம் · ஞாயிறு இரவு 11:10

எனக்கும் இப்படி ஆனது. ஆப்ஜ்காப்பிக்கு 'டெக்ஸ்ட் செக்ஷனை மட்டும் எடு' என்று மைனஸ் ஜே கொடுங்கள், ஃபைல் சின்னதாகிவிடும்.

---

மொட்டைமாடி · ஞாயிறு இரவு 11:31

நன்றி, செய்து பார்த்தேன். ஃபைல் 4044 பைட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் போர்டில் ஏற்றினால் எல்இடிகூட எரியவில்லை. நேற்று வரை எரிந்த எல்இடி.

---

சாலிடர்_செல்வி · திங்கள் காலை 6:20

தம்பி, அந்த மைனஸ் ஜே-யை முதலில் எடுத்துவிடுங்கள். இரவுநேரம் உதவ நினைத்துத்தான் சொன்னார், இந்த யோசனை இணையத்தில் பத்து இடத்தில் கிடக்கிறது. ஆனால் அது நோயை விட்டுவிட்டு எடை மட்டும் குறைக்கிற வேலை.

4312-இல் 4044 போனால் 268. அது என்ன தெரியுமா? 67 வரி, வரிக்கு 4 பைட். உங்கள் ஸ்டார்ட்அப் ஃபைலில் இருக்கும் வெக்டர் அட்டவணை. அதைத் தனி செக்ஷனாக வைத்திருப்பீர்கள், டெக்ஸ்ட் மட்டும் போதும் என்றதும் அது வெளியே போய்விட்டது. சிப் எழுந்ததும் முதலில் படிக்கிற இடமே அதுதான். அங்கே ஸ்டாக் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு ஃபங்ஷனின் கோட் உட்கார்ந்திருக்கிறது, பிறகு எப்படி எல்இடி எரியும்.

இப்போது 384 எம்பி. உங்கள் எண்ணையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 384 எம்பி என்றால் சரியாக 40,26,53,184 பைட். உங்களுக்கு வந்தது 40,26,53,188. மிச்சம் 4. நீங்கள் புதிதாக எழுதிய அந்த ஒரே வேரியபிள் 4 பைட். அதாவது உங்கள் ஃபைலில் முதல் 4312 பைட் உங்கள் புரோகிராம், கடைசி 4 பைட் உங்கள் 70, நடுவில் இருப்பது முழுக்க முழுக்கப் பூஜ்ஜியம்.

ஏன் நடுவில் பூஜ்ஜியம் என்றால், இந்தச் சிப்பில் ஃபிளாஷ் தொடங்குவது ஹெக்ஸில் (16-அடி எண்ணில்) 08000000, ரேம் தொடங்குவது 20000000. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 18000000, அதுதான் 384 எம்பி. பின் ஃபைல் என்பதில் முகவரி எழுதிவைக்க இடமே கிடையாது. எல்ஃபில் 'இந்தத் துண்டு இங்கே போகட்டும், அந்தத் துண்டு அங்கே போகட்டும்' என்று எழுதிவைக்கலாம். பின்னில் ஒரு பைட்டின் முகவரியைச் சொல்ல ஒரே வழி அது ஃபைலில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதுதான். ஆகவே ஆப்ஜ்காப்பி மிகக் குறைந்த முகவரியில் தொடங்கி மிக அதிகமான முகவரி வரை நேர்கோடாக எழுதிக்கொண்டே போகும், இடைவெளி இருந்தால் நிரப்பும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. உங்கள் 70 ரேமில் ஏற்றப்பட வேண்டும் என்று நீங்கள்தான் அதனிடம் சொல்லியிருக்கிறீர்கள், லிங்கர் ஸ்கிரிப்ட் வழியாக.

எல்ஃபின் உள்ளே பார்க்கிற ரீட்எல்ஃப் கட்டளையை மைனஸ் எல் போட்டு ஓட்டி, புரோகிராம் ஹெட்டர்களில் விர்ச்சுவல் முகவரி, ஃபிசிக்கல் முகவரி இரண்டையும் இங்கே போடுங்கள். டேட்டா வருகிற வரியில் இரண்டும் 20000000 என்று இருக்கும் என்று நினைக்கிறேன்.

---

மொட்டைமாடி · திங்கள் காலை 7:45

அக்கா, அப்படியே இருக்கிறது. இரண்டு வரி. முதல் வரியில் இரண்டும் 08000000. இரண்டாவது வரியில் இரண்டும் 20000000, அளவு 4.

ஆனால் ஒன்று புரியவில்லை. வேரியபிள் ரேமில்தானே இருக்க வேண்டும்? அப்படியானால் 20000000 சரிதானே? இன்னொன்று, எனக்கு முன்பே ஏழெட்டு குளோபல் வேரியபிள் இருந்தது, அப்போதெல்லாம் ஏன் வரவில்லை?

---

சாலிடர்_செல்வி · திங்கள் மதியம் 1:15

இரண்டாவது கேள்வி எளிது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த ஏழெட்டும் தொடக்க மதிப்பு இல்லாதவை, அல்லது பூஜ்ஜியம். அவை பிஎஸ்எஸ்-க்குப் போகும். பிஎஸ்எஸ்-க்கு ஃபைலில் பைட்டே கிடையாது, 'இத்தனை இடம் வேண்டும்' என்ற குறிப்பு மட்டும். உங்கள் ஸ்டார்ட்அப் கோடுதான் ஓடும்போது அதைப் பூஜ்ஜியமாக்குகிறது. பூஜ்ஜியம் அல்லாத மதிப்போடு நீங்கள் எழுதிய முதல் வேரியபிள் இந்த 70. டேட்டா செக்ஷனில் நேற்று வரை யாரும் குடியில்லை, அதனால் தவறு ஸ்கிரிப்ட்டில் முதல் நாளிலிருந்தே இருந்தும் வெளியே தெரியவில்லை.

முதல் கேள்விதான் விஷயமே. மின்சாரம் போனால் ரேமில் இருப்பது போய்விடும். அப்படியானால் 70 என்ற எண் எங்கே தங்கும்? ஃபிளாஷில்தான் தங்க முடியும். ஆனால் புரோகிராம் ஓடும்போது அதை மாற்றி எழுத வேண்டியிருக்கும், ஆகவே ரேமில் இருக்க வேண்டும். ஒரே வேரியபிளுக்கு இரண்டு முகவரி: தங்குகிற இடம், வாழ்கிற இடம். லிங்கர் மொழியில் முதலாவது எல்எம்ஏ, இரண்டாவது விஎம்ஏ. கோடு முழுவதும் விஎம்ஏ-வைத்தான் பயன்படுத்தும். ஆப்ஜ்காப்பி பின் எழுதும்போது எல்எம்ஏ-வை மட்டும்தான் பார்க்கும். நீங்கள் தனியாக எல்எம்ஏ சொல்லாவிட்டால் இரண்டும் ஒன்றே என்று லிங்கர் எடுத்துக்கொள்ளும்.

ஸ்கிரிப்ட்டில் டேட்டா செக்ஷன் முடிகிற இடத்தில் '> ரேம்' என்று மட்டும் இருக்கும். அதை '> ரேம் ஏடி> ஃபிளாஷ்' என்று மாற்றுங்கள். அவ்வளவுதான்.

---

பழைய_பிளாப்பி · திங்கள் மதியம் 3:40

செல்வி சொன்னது முழுக்கச் சரி. நான் கொஞ்சம் பழங்கதை சேர்க்கிறேன், இந்தக் காரியம் எவ்வளவு பழையது என்று தெரிந்தால் புரிவது எளிதாகும்.

டாஸுக்கு முந்தைய ஆபரேட்டிங் சிஸ்டமான சிபி/எம் காலத்தில் அசெம்ப்ளர் ஹெக்ஸ் ஃபைலைத்தான் தரும். லோட் என்று ஒரு தனி கட்டளை உண்டு, அது ஹெக்ஸைப் படித்து நினைவகத்தில் எப்படி நிற்க வேண்டுமோ அப்படியே ஒரு காம் ஃபைலாக எழுதும். ஹெட்டர் கிடையாது, முகவரி கிடையாது. எல்லாக் காம் ஃபைலும் ஹெக்ஸ் 100-இல், அதாவது 256-ஆவது பைட்டில் ஏறும் என்பது ஊரறிந்த ஒப்பந்தம், அதனால் எழுதிவைக்கத் தேவையில்லை. டாஸும் அதையே எடுத்துக்கொண்டது. அங்கே லிங்கர் இஎக்ஸ்இ தரும், அதன் முதல் இரண்டு பைட் எம், இசட். மைக்ரோசாஃப்ட்டில் அந்த வடிவத்தை அமைத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதல் எழுத்துகள் அவை. அந்த இஎக்ஸ்இ-யைக் காம் ஆக்க இஎக்ஸ்இ2பின் என்ற கருவி டாஸோடு சேர்ந்தே வந்தது. இன்றைய ஆப்ஜ்காப்பி செய்வதும் சாரத்தில் அதுவே.

எனக்கு அந்தக் கருவியிடம் ஒரு மரியாதை உண்டு. காமுக்கு மாற்றும்போது, எங்கே ஏறப்போகிறது என்று தெரிந்தால்தான் சரி செய்ய முடிகிற செக்மென்ட் முகவரி ஏதாவது உங்கள் புரோகிராமுக்குள் இருந்தால் அது ஃபைலை எழுதாது, மாற்ற முடியாது என்று ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த வரி வரும்போதெல்லாம் அன்று எரிச்சலாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, முகவரித் தகவலைத் தூக்கி எறிகிற வேலையைச் செய்கிற கருவி எறிவதற்கு முன் ஒரு தடவை கேட்டுக்கொள்வது எவ்வளவு நல்ல குணம் என்று. ஆப்ஜ்காப்பி கேட்காது. 384 எம்பி என்றால் 384 எம்பி எழுதிவிடும்.

---

நூற்கண்டு · திங்கள் மாலை 6:05

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், என் சிக்கல் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் தலைகீழ். என் பின் ஃபைல் மிகவும் சின்னது. லிங்கருக்கு ஜிசி-செக்ஷன்ஸ் கொடுத்தேன், பயன்படாததை நீக்கட்டும் என்று. 9 கேபி இருந்தது சில நூறு பைட் ஆகிவிட்டது, போர்டு எழவில்லை. ஏடி> எல்லாம் என்னிடம் சரியாக இருக்கிறது.

---

வேர்முதல் · திங்கள் இரவு 8:30

@நூற்கண்டு: வெக்டர் அட்டவணையைச் சுற்றி கீப் ('இதை நீக்காதே' என்று லிங்கருக்குச் சொல்வது) போட்டிருக்கிறீர்களா? லிங்கர் நுழைவுப் புள்ளியிலிருந்து யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போய், யாரும் குறிப்பிடாத செக்ஷனைத் தூக்கிவிடும். வெக்டர் அட்டவணையை உங்கள் கோடில் யாரும் கூப்பிடுவதில்லை, அதைப் படிப்பது சிப். லிங்கருக்கு சிப்பைப் பற்றித் தெரியாது. அட்டவணை போனால் அது சுட்டிய இன்டரப்ட் ஃபங்ஷன்களும் போகும், அவை கூப்பிட்டவையும் போகும். நுழைவுப் புள்ளியைச் சொல்கிற என்ட்ரி வரியும் ஸ்கிரிப்ட்டில் இருக்கிறதா பாருங்கள்.

பின் ஃபைல் சரியா என்று ஏற்றுவதற்கு முன்பே பார்க்க எளிய வழி, முதல் 8 பைட்டை ஹெக்ஸ் டம்ப் செய்வது. மொட்டைமாடியின் சிப்பில் 20 கேபி ரேம், அதன் முடிவு ஹெக்ஸில் 20005000. எண்ணின் கடைசி பைட் முதலில் வரும் (லிட்டில் எண்டியன்) என்பதால் ஃபைலில் 00 50 00 20 என்று நிற்கும். அடுத்த நான்கு ரீசெட் ஃபங்ஷனின் முகவரி: 08-இல் முடியும், முதல் பைட் ஒற்றைப்படையாக இருக்கும், ஏனென்றால் தம்ப் கோட் (இந்தச் சிப் ஓட்டுகிற கட்டளை வடிவம்) என்று சொல்ல கடைசி பிட் 1 ஆக வேண்டும். இந்த எட்டு பைட்டைப் பார்க்காமல் நான் எந்த போர்டிலும் பின் ஏற்றுவதில்லை.

அப்புறம் ஒன்று, இது மைக்ரோகன்ட்ரோலர் உலகத்துக்கு மட்டும் உரியது என்று யாரும் நினைக்க வேண்டாம். லினக்ஸ் கர்னலும் இதே வழியில்தான் போகிறது. முதலில் விஎம்லினக்ஸ் என்று ஒரு பெரிய எல்ஃப். ஆர்ம்64 பிராசஸர்களில் அதை ஆப்ஜ்காப்பி செய்தால் வருவதுதான் இமேஜ் என்ற ஃபைல். எக்ஸ்86 பிராசஸர்களில் இன்னும் ஒரு சுற்று: பின் ஆக்கி, சுருக்கி, அந்தச் சுருக்கத்தை ஒரு ஆப்ஜெக்ட் ஃபைலுக்குள் டேட்டாவாக வைத்து, விரித்துக்கொள்கிற கோடோடு திரும்ப லிங்க் செய்து, அதையும் பின் ஆக்கி, முன்னால் செட்டப் கோடை ஒட்டினால் பிஇசட்இமேஜ். பெயரில் உள்ள பி பெரியது என்பதற்கு, பிஜிப்2 என்ற சுருக்கு முறை அல்ல.

எம்ஐடி பாடத்துக்காக எழுதிய சின்ன ஆபரேட்டிங் சிஸ்டமான எக்ஸ்வி6-இன் பழைய எக்ஸ்86 பதிப்பு இதைக் கற்றுக்கொள்ள அருமையான இடம். பூட் செக்டாரை (கம்ப்யூட்டர் எழும்போது டிஸ்க்கில் முதலில் படிக்கிற 512 பைட்) லிங்க் செய்து, பின் ஆக்கி, 510 பைட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, கடைசி இரண்டு பைட்டில் 85, 170 என்ற அடையாளத்தை வைக்க ஒரு சின்னப் பெர்ல் ஸ்கிரிப்ட். ஒரே மாலையில் முழுவதும் படித்துவிடலாம்.

---

நூற்கண்டு · திங்கள் இரவு 9:02

கீப்-தான்! அட்டவணை வரியில் கீப் போட்டேன், 6 கேபி சொச்சம் வந்தது, எழுந்துவிட்டது. மிக்க நன்றி.

---

மொட்டைமாடி · திங்கள் இரவு 10:15

ஏடி> ஃபிளாஷ் போட்டேன். பின் ஃபைல் 4316. டெக்ஸ்ட்டும் டேட்டாவும் கூட்டினால் சரியாக அதுவே வருகிறது. முதல் நான்கு பைட் 00 50 00 20, அடுத்தது 41 01 00 08. எல்இடி எரிகிறது.

ஆனால் மோட்டார் ரிலே சரியாக வேலை செய்யவில்லை. தொட்டி காலியாக இருந்தாலும் சில நேரம் நிறுத்திவிடுகிறது, சில நேரம் நிரம்பினாலும் நிறுத்துவதில்லை. மின்சாரத்தை நிறுத்திப் போடும்போதெல்லாம் ஒவ்வொரு மாதிரி. சீரியல் போர்ட்டில் அந்த வேரியபிளை அச்சடித்தேன், 70 இல்லை, ஏதேதோ பெரிய எண்.

---

சாலிடர்_செல்வி · செவ்வாய் காலை 6:05

உங்கள் ஸ்டார்ட்அப் கோடில் பிஎஸ்எஸ்-ஐப் பூஜ்ஜியமாக்குகிற சுற்று இருக்கிறது. டேட்டாவை ஃபிளாஷிலிருந்து ரேமுக்குப் படியெடுக்கிற சுற்று இருக்கிறதா?

இருக்காது என்றே நினைக்கிறேன். இதுவரை தேவைப்படவில்லை. கம்ப்யூட்டரில் எல்ஃபை ஓட்டினால் ஒவ்வொரு துண்டையும் அதன் இடத்தில் வைக்க ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கிறது. இங்கே அந்த வேலைக்கு யாரும் இல்லை. பின் ஃபைலில் உங்கள் 70 பத்திரமாக ஃபிளாஷில் வந்து இறங்கிவிட்டது, ஆனால் அதை எடுத்துக்கொண்டு போய் ரேமில் வைக்க ஆள் இல்லை. கோடு 20000000-ஐப் படிக்கிறது, மின்சாரம் வரும்போது அங்கே என்ன கிடந்ததோ அதுதான் வரும்.

ஸ்கிரிப்ட்டில் மூன்று குறியீடு வேண்டும்: டேட்டாவின் தொடக்கம், முடிவு, தங்குமிடத்தின் தொடக்கம். மூன்றாவதை லோட்அட்ரஸ் என்ற ஃபங்ஷன் கொண்டு எடுங்கள். டெக்ஸ்ட் முடிகிற இடம்தானே என்று கையால் கணக்குப் போடாதீர்கள், நாளை நடுவில் இன்னொரு செக்ஷன் வந்தால் ஏமாற்றிவிடும். மெயினைக் கூப்பிடுவதற்கு முன் நான்கு நான்கு பைட்டாகப் படியெடுங்கள்.

இதில் இன்னொரு பொறி உண்டு, நான் ஒரு வாரம் இழந்த பொறி. டீபக்கர் வழியாக எல்ஃபையே ஏற்றினால், ரேமில் ஏற வேண்டும் என்று எழுதியிருப்பதை அது நேராக ரேமிலேயே எழுதிவிடும். ஏடி> இல்லாத ஸ்கிரிப்ட்கூடப் பல நேரம் மேசையில் அழகாக ஓடும். நான் அப்போது வேலை செய்த இடத்தில் அப்படித்தான் மேசையில் எல்லாம் ஓடி, 40 போர்டை வெளியே அனுப்பி, அங்கே மின்சாரம் கொடுத்ததும் ஒன்றுகூடச் சரியாக எழவில்லை. அன்றிலிருந்து பின் ஃபைலை ஏற்றி, கேபிளைப் பிடுங்கி, பத்து எண்ணி, திரும்பச் சொருகிப் பார்க்காமல் எதையும் ஓடுகிறது என்று சொல்வதில்லை.

---

இரவுநேரம் · செவ்வாய் காலை 9:20

மைனஸ் ஜே சொன்னது நான்தான், தவறு புரிந்தது, மொட்டைமாடி மன்னிக்கவும். ஒரு சந்தேகம். பின்னுக்குப் பதிலாக இன்டெல் ஹெக்ஸ் எடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காதா?

---

பழைய_பிளாப்பி · செவ்வாய் காலை 11:00

வந்திருக்கும், ஆனால் வேறு முகத்தோடு. இன்டெல் ஹெக்ஸ் 1973-லிருந்து இருக்கிறது. ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியில் தொடங்கி, எத்தனை பைட், என்ன முகவரி, என்ன வகை, பைட்டுகள், கடைசியில் சரிபார்ப்பு எண் என்று போகும். முகவரி வரியிலேயே இருப்பதால் இடைவெளியை நிரப்ப வேண்டியதில்லை. ஆகவே ஃபைல் சின்னதாகவே இருந்திருக்கும், ஆனால் கடைசியில் ஒரு வரி 'இந்த 4 பைட் 20000000-இல்' என்று சொல்லும். ஏற்றுகிற கருவி நல்லதாக இருந்தால் அது ஃபிளாஷ் இல்லை என்று மறுத்துவிடும்.

என் கருத்தில் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஹெக்ஸே நல்லது. அர்டுயினோ, ஏவிஆர் சிப் உள்ள தன் போர்டுகளுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறது.

---

வேர்முதல் · செவ்வாய் மதியம் 12:45

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. பின் என்பது ஃபிளாஷில் நிற்கப்போகிற பைட்டுகளின் அச்சு அசல். பூட்லோடர் வழியாகப் புதுப்பிக்க, சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் கணக்கிட, இரண்டு பதிப்பை ஒப்பிட, கடைசியில் பின்தான் வேண்டும். முகவரி நம் பொறுப்பு என்று தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் அதைப்போல் நேர்மையான வடிவம் இல்லை. ஒன்று மட்டும், நடுவில் உண்மையான இடைவெளி இருந்தால் ஆப்ஜ்காப்பிக்கு கேப்-ஃபில் கொடுத்து 255-ஆல் நிரப்புங்கள். அழித்த ஃபிளாஷ் எல்லா பிட்டும் 1 ஆகத்தான் இருக்கும், அதோடு ஒத்துப்போகும்.

---

பழைய_பிளாப்பி · செவ்வாய் மதியம் 1:30

பூட்லோடர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கற்கிறவர்கள் விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

---

மொட்டைமாடி · செவ்வாய் இரவு 9:40

படியெடுக்கிற சுற்று எழுதிவிட்டேன். டெக்ஸ்ட் 28 பைட் கூடி 4340, பின் 4344. கேபிளைப் பிடுங்கி, பத்து எண்ணி, திரும்பச் சொருகினேன். ஐந்து தடவை. ஐந்து தடவையும் சீரியலில் 70. ஃபைலின் கடைசி நான்கு பைட் 46 00 00 00, ஹெக்ஸில் 46 என்றால் 70.

மேக்ஃபைலில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: பின் ஃபைல் 64 கேபியைத் தாண்டினால் அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம் சும்மா பார்க்கலாம் என்று 70-ஐ 85 ஆக மாற்றி, மறுபடி பின் எடுத்து, பழையதையும் புதியதையும் சிஎம்பி மைனஸ் எல் போட்டு ஒப்பிட்டேன். 4344 பைட்டில் ஒரே ஒரு வரி வந்தது: 4341, 106, 125. அது எண்மத்தில் (8-அடி எண்ணில்) காட்டும் என்று தேடித் தெரிந்துகொண்டேன், 106 என்றால் 70, 125 என்றால் 85. 4340 முடிந்து அடுத்த பைட். ரொம்ப நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.